லாக்கில் சிங்கம், குழலில் கறுப்பு: பரணில் கிடைத்த துப்பாக்கி பற்றி

கண்ணமங்கலத்துப் பக்கமிருந்து எழுதியிருக்கும் நண்பர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பூட்டனார் வீட்டுப் பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்த நீளத் துப்பாக்கியின் குழல் பளபளவென்று கறுப்பாக இருக்கிறது. அது அசல் நிறமா? லாக் தகட்டில், அதாவது குதிரையும் வில்லும் பூட்டியிருக்கும் பக்கத் தகட்டில், கிரீடத்தை ஏந்தியபடி நிற்கும் சிங்கம் எதைக் குறிக்கிறது? பித்தளையைப் புளி போட்டும் இரும்பை உப்புத்தாள் போட்டும் தேய்க்கலாமா? இவற்றுக்கு நடுவில் அவர் ஒரு வரியையும் எழுதியிருக்கிறார்: வேலூர்ப் புரட்சியின்போது எங்கள் முன்னோர் ஒருவர் கையில் இருந்த துப்பாக்கி இது என்று வீட்டில் சொல்வார்கள். அவர் உண்மையில் அறிய விரும்புவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்கு தலைமுறையாகச் சொல்லி வந்த சொல்லை அந்த இரும்பு தாங்குமா என்பதே கேள்வி. ஆகவே முழுதாகவே பதில் சொல்கிறேன்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, 24 ஆண்டுகள் வேலை பார்த்தவன். .303 ரைபிளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டும் பயிற்சி பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு காட்பாடியில் குடியிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டிலாவது பழைய துப்பாக்கி இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. .303 பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்தில் வந்தது. கம்பெனி காலத்துத் துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்வது பார்த்தும் படித்தும் வந்தது. உங்கள் துப்பாக்கியை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட நான்கு படங்களைத்தான் பார்த்தேன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நிறத்துக்கும் முத்திரைக்கும் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளில், கெட்டித்த மருந்து அப்படியே உள்ளே கிடப்பதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் பற்றிக்கொள்ளும். குழலின் வாய்க்கு நேரே நிற்காமல், மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை அடி தட்டும்வரை மெதுவாக உள்ளே விடுங்கள். வாய் இருக்கும் இடத்தில் குச்சியில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, அதே அளவைக் குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி குழலின் பின்முனை வரை போனால் காலி. மூன்று நான்கு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியிருந்தால் குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிச் சோதிக்காதீர்கள். நேரே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். நீங்கள் அதை ரைபிள் என்று எழுதியிருக்கிறீர்கள். குழலுக்குள் திருகுவரி வெட்டியிருந்தால்தான் ரைபிள். குழலின் நீளம் 39 அங்குலம், வாய் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர், உள்ளே வழவழப்பு என்று அளந்து சொல்லியிருக்கிறீர்கள். அது மஸ்கெட். 39 அங்குலக் குழல், .75 அங்குல வாய் என்பது 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கெட்டின் அளவு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்கென்று செய்வித்த மாதிரி அது. புரட்சிக்குப் பிந்திய பிரான்சோடு சண்டை மூண்டபோது துப்பாக்கி போதாமல் தவித்த பிரிட்டிஷ் அரசு, கம்பெனியின் கையிருப்பை வாங்கியது. பிறகு தன் படைக்கும் அதே மாதிரியை எடுத்துக்கொண்டது. இங்கிருந்து அங்கே போன மாதிரி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

கம்பெனியின் துப்பாக்கியா, அரசரின் துப்பாக்கியா என்பதை லாக் தகடு சொல்லிவிடும். அரசருடையது என்றால் கிரீடம், அதன் கீழ் ஜார்ஜ் அரசரைக் குறிக்கும் ஜி.ஆர். எழுத்து, அகன்ற அம்புக்குறி, வால்பக்கம் 'டவர்' என்ற சொல் இருக்கும். கம்பெனியுடையது என்றால் பழைய காலத்தில் இதய வடிவம். அதை நான்காகப் பிரித்து வி, இ, ஐ, சி என்ற எழுத்துகளைப் போட்டு, மேலே 4 என்ற எண்ணைப் போன்ற ஒரு குறி வைத்திருப்பார்கள். சரக்கு மூட்டைகளின்மேல் கம்பெனி போட்ட அதே குறிதான் துப்பாக்கியிலும் விழுந்தது. 1808 முதல் அந்த இதயத்தை விட்டுவிட்டு, கிரீடத்தை ஏந்தி நிற்கும் சிங்கத்தைப் போட ஆரம்பித்தார்கள். உங்கள் தகட்டில் இருப்பது அந்தச் சிங்கம்.

வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10 விடியுமுன். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கிவிட்டார். சிங்க முத்திரை வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. ஆகவே இந்த லாக் தகடு அன்று கோட்டைக்குள் இருந்திருக்க முடியாது. இது உறுதி. வருத்தம் தரும் பதில் என்று தெரியும், ஆனாலும் இதைத் தேய்த்து மெருகேற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தகடு வேறு, குழல் வேறு. கம்பெனியின் ஆயுதக் கிடங்குகளில் உடைந்த துப்பாக்கிகளைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து மறுபடி பூட்டுவது அன்றாட வேலை. உங்கள் குழல் லாக்கைவிட மூத்ததாக இருக்க இடமுண்டு. அதைச் சொல்ல வேண்டியது குழலின் பின்பகுதியில், இடப்பக்கத்திலோ மேலேயோ இருக்கும் சோதனை முத்திரைகள், அதாவது குழலைச் சுட்டுச் சோதித்ததற்கான அடையாளங்கள். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை என்றால் கிரீடத்தின் கீழ் ஜி.பி. பின்னிய எழுத்து ஒன்றும், கிரீடத்தின் கீழ் வி ஒன்றும் இருக்கும். பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருந்தால் குழலும் 1813-க்கு முன் போகாது, ஏனென்றால் அந்தச் சாலையை நிறுவியதே அந்த ஆண்டில்தான். உங்கள் படத்தில் அந்த இடம் முழுக்கக் கறுப்பு அப்பிக் கிடக்கிறது. அதனால் இது இப்போதைக்குச் சந்தேகப் பக்கத்தில் நிற்கட்டும்.

இன்னொன்றையும் மூன்றாவது படத்தில் கவனித்தேன். குதிரை என்று நாம் சொல்லும் அந்தச் சுத்தியல் கேப்பின்மேல், அதாவது அடித்தால் பொறி தரும் சின்ன உலோக மூடியின்மேல், அடிக்கும் வகை. ஆனால் அதற்கு முன்னால் தகட்டில் மோதிரக்கல் அளவுக்கு இரண்டு வட்டத் தழும்புகள் தெரிகின்றன. ஓட்டையை அடைத்து அரம் போட்டுச் சமன் செய்த இடங்கள் அவை. சக்கிமுக்கிக் கல்லில் இயங்கிய லாக்கில், கல் உரசும் எஃகு மூடியும் அதன் வில்லும் பூட்டியிருந்த இடம் அதுதான். கேப் முறை பிரிட்டிஷ் படைக்கு வந்தது 1839-ஐ ஒட்டி. அதன்பின் பழைய கல் துப்பாக்கிகளில் பலவற்றைக் கேப்புக்கு மாற்றினார்கள். உங்களுடையது அப்படி மாறியது. அதாவது இந்த லாக் 1808-க்கும் ஏறக்குறைய 1840-க்கும் இடையில் கல் லாக்காகப் பிறந்து, பிறகு கேப் லாக்காக மாறியிருக்கிறது. மாற்றியது கம்பெனியின் கிடங்கா, ஜவ்வாது மலையடிவாரத்துப் பட்டறையா என்பதைத் தழும்பை நேரில் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். கிடங்கு வேலையில் அடைப்பின் விளிம்பு தேடினால்தான் தெரியும். படத்தில் தெரியுமளவுக்கு இருப்பதால் என் மனம் பட்டறைப் பக்கம் சாய்கிறது. அதற்குமேல் போக மாட்டேன்.

இப்போது நிறம். 'அசல்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்த இடத்தில் கொடுத்த பூச்சு ஒன்று, கிடங்கில் பழுது பார்த்தபோது கொடுத்தது ஒன்று, ஊரில் யாரோ கொடுத்தது ஒன்று. முதல் இரண்டும் துப்பாக்கியின் சேவை வரலாற்றைச் சேர்ந்தவை, மூன்றாவது வேறு.

அந்தக் கால மஸ்கெட் குழல்கள் கறுப்பாகவே இல்லை. வெள்ளை இரும்பாகத்தான் இருந்தன. சிப்பாய் செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டு நாள்தோறும் கண்ணாடிபோல் தேய்த்து வைக்க வேண்டும். வெயிலில் மின்னுகிறது, தேய்த்துத் தேய்த்துக் குழல் மெலிகிறது என்று, 1815-இல்தான் பிரிட்டிஷ் படை குழல்களைப் பழுப்பாக்க உத்தரவிட்டது. பழுப்பாக்குவது என்றால் பூசுவது அல்ல. அமில உப்புக் கரைசலைத் தடவி, மெல்லிய துருவை வேண்டுமென்றே வரவழைத்து, மேலெழும் தூளைத் தேய்த்து நீக்கி, மறுபடி தடவி, பல முறை திரும்பச் செய்து, கடைசியில் எண்ணெயோ மெழுகோ ஏற்றி நிறுத்துவது. வல்லாரை லேகியத்தின் நிறத்தில் வரும். அதே துருவை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுத்தால் பழுப்பு மாறி நீலக் கறுப்பாகும்; அது பிற்காலத்து முறை. ஆகவே உங்கள் குழல் முதலில் வெள்ளையாக இருந்திருக்கலாம், பழுப்பாகவும் இருந்திருக்கலாம். பளபளக்கும் கறுப்பாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

உங்கள் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழலின் பின்முனைக்கு ஒரு சாண் முன்னால் சிறிய பெயர்ப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்துக்குத் தடிமன் இருக்கிறது, மேசை விளிம்புபோல் நிழல் விழுகிறது. பழுப்போ நீலமோ தேய்ந்தால் விளிம்பே இருக்காது, விடியற்காலை இருட்டு விலகுவதுபோல் மெல்ல மங்கித்தான் வெள்ளையாகும். விளிம்போடு பெயர்வது பெயிண்ட். இன்னும் ஐயம் இருந்தால் குழலும் கட்டையும் சேரும் கோட்டைக் கவனியுங்கள். கறுப்பு இரும்பிலிருந்து இறங்கி மரத்திலும் தீற்றலாகப் பட்டிருந்தால், துப்பாக்கியைப் பிரிக்காமலே யாரோ பிரஷ் ஓட்டியிருக்கிறார். கீழ்ப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், தின்னர் தொட்ட பஞ்சை ஒரு மிளகளவு இடத்தில் மட்டும் ஒற்றிப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் முடிவு தெரிந்துவிட்டது. அதற்குமேல் துடைத்துக்கொண்டே போக வேண்டாம்.

இன்னொரு கறுப்பும் நம் வட்டாரத்தில் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் துப்பாக்கியைச் சுற்றி வைத்தவர்கள் பலர். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் எழுதும் மை கிடைக்கும். அதே வேலை தோலுக்கும் இரும்புக்கும் இடையிலும் நடக்கிறது. தோல் பட்ட பக்கம் மட்டும் மைக்கறுப்பாகி, அடியில் பொடிப்பொடியாக அரித்திருக்கும். அதைப் பழைய பூச்சு என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கம் திட்டுத்திட்டாக இருந்தால் கறை, சுற்றிலும் சீராக இருந்தால்தான் பூச்சு.

அதே தோல் வேறொரு வகையிலும் துப்பாக்கிக்குள் இருக்கிறது. லாக் தகடுகளின் மேற்பரப்பைக் கடினமாக்க, கரியாக்கிய தோலையும் எலும்பையும் ஒரு பெட்டியில் நிறைத்து, அதற்குள் தகட்டைப் புதைத்துப் பல மணி நேரம் செஞ்சூட்டில் வைத்துத் தண்ணீரில் போடுவார்கள். தகட்டின் மேற்பரப்பு அரம் ஏறாத இறுக்கமாகும். 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் லாக்கில் அப்போது பிறந்த வண்ணத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். வைக்கோல் மஞ்சளும் சாம்பலும் நீலமும் தண்ணீரில் எண்ணெய் விட்டதுபோல் கலந்திருக்கும். வெயிலும் கைவியர்வையும் பட்டால் சில ஆண்டுகளில் வெளுத்து வெள்ளி நிறமாகிவிடும், ஆனால் மரத்தில் பதிந்திருக்கும் உள்பக்கத்தில் மிஞ்சும். வெளியே வண்ணம் புத்தம் புதிதாக, உள்ளே துருப்பிடித்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போது என் தவறையும் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்து நான்காம் ஆண்டு, விடுமுறையில் வந்திருந்தேன். குடியாத்தத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் தன் வீட்டுத் துப்பாக்கியைக் கொடுத்து, தம்பி, பட்டாளத்துக்காரன் கையால் ஒரு தடவை சுத்தம் செய்து கொடு என்றார். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் துரு என்றால் எதிரி என்பதுதான். லாக் தகட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். தொடக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ வளைவாகத் தெரிந்தது, துருப்பள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். தகடு வெள்ளிபோல் ஆனபோது மேலே ஒரு கொக்கி மட்டும் மிச்சம் இருந்தது. பல ஆண்டு கழித்து, நான் மேலே சொன்ன அந்த இதய முத்திரையை முதல்முறையாக முழுதாகப் பார்த்தபோதுதான், அந்தக் கொக்கி 4-இன் மேல்முனை என்பது புரிந்தது. வேலூர்க் கதையைச் சொல்லியிருக்கக்கூடிய தகடு அது. பெரியவர் அதை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது எழுத்தின் விளிம்பைத்தான். அச்சால் அடித்த முத்திரை இரும்பை வெட்டுவதில்லை, ஒதுக்குகிறது. ஒதுங்கிய இரும்பு எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பாக எழும். நகத்தை மெதுவாக ஓட்டினால் வரப்பு தட்டுப்படும். பிற்காலத்தில் தேய்த்து மெருகிட்ட துப்பாக்கியில் வரப்பு போயிருக்கும், எழுத்தின் கோடுகள் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மறைந்தும் இருக்கும், திருகு ஓட்டைகளின் விளிம்பு தட்டுபோல் குழிந்திருக்கும். வார்ப்பில் எடுத்த போலித் தகட்டில் எழுத்தின் அடிப்பரப்பு மணல் மணலாக, முனைகள் மழுங்கி இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: செங்கல் பொடி போட்டுச் சிப்பாயே தேய்த்துத் தேய்த்து மங்கிய முத்திரையும் உண்டு. அது எல்லாப் பக்கமும் சீராக மங்கும், மூலைகளில் மட்டும் கூர்மை தங்கும். இரண்டையும் படத்தில் பிரிப்பது கடினம்.

.303 பற்றி வேறு சிலரும் இங்கே கேட்டிருப்பதால் சுருக்கமாக. கம்மவான்பேட்டைபோல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அந்த ரைபிளைப் பற்றிய பேச்சு ஓயாது. பிடியின் வலப்பக்கம் இருக்கும் வளையத்தில் ஜி.ஆர்.ஐ. என்று இருந்தால் இஷாப்பூர் தொழிற்சாலை, சுதந்திரத்துக்குப் பிந்தியது என்றால் அசோகச் சிங்கம். இஷாப்பூர் ரைபிள்களில் கறுப்புப் பெயிண்ட் பார்த்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள், படையே பூசியது அது. முனைக்கு முனை தொட்டு நிற்கும் இரண்டு அம்புக்குறிகள் இருந்தால் அரசுச் சேவையிலிருந்து விற்று வெளியேறியது. வி.ஆர். எழுத்தோடு 1919 என்று ஆண்டு போட்டிருந்தால் வடமேற்கு எல்லைப்புறப் பட்டறைப் போலி. வி.ஆர். என்றால் விக்டோரியா அரசி, அவர் இறந்தது 1901-இல். அந்தப் போலிகளில் ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருப்பதும் வழக்கம்.

புளி வேண்டவே வேண்டாம். புளிச்சாறு பித்தளைக்கும் மரத்துக்கும் இடையில் இறங்கி உள்ளே இருக்கும் இரும்புத் திருகைத் தின்னும். பித்தளை அடித்தகட்டில் படைப்பிரிவின் எண்ணோ கிடங்கு எண்ணோ மெலிதாக வெட்டியிருக்கலாம். பளபளப்புக்காக அதைப் பலி கொடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளடைவில் பிசினாகி ஈரத்தைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயை மென்துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். சிவந்த துரு உதிர்ந்தால் எண்ணெயில் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் சுரண்டினால் போதும். கருந்துரு அப்படியே இருக்கட்டும், அது இனி நகராது. குழலைக் கட்டையிலிருந்து கழற்ற முயல வேண்டாம். குறுக்கு ஊசிகள் எந்தப் பக்கமிருந்து தட்டினால் வெளியே வரும் என்று தெரியாமல் தட்டினால் இருநூறு ஆண்டு மரம் ஒரே அடியில் பிளக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது என்று பலரும் சொல்வார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்குத்தான் அந்த விலக்கு. உங்கள் லாக் இன்னும் இயங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே விலக்கு இருக்கிறது என்று நீங்களாகவே முடிவு செய்யாமல், உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, கலெக்டர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவைப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் வரும். வெளிநாட்டுக்கு விற்றுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

காவல் நிலையத்தில் சொன்ன பிறகு, பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் மூன்று படங்கள் எடுத்துப் போடுங்கள். லாக்கின் இரண்டு தழும்புகள் ஒன்று, அடித்தகட்டின் மேல்நுனி ஒன்று. மூன்றாவது, குழலின் பின்பகுதி இடப்பக்கம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும்படி காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ எடுங்கள். பெயிண்டுக்கு அடியில் முத்திரையின் வரப்பு இருந்தால் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழும். அது ஜி.பி.யா, பர்மிங்காமா என்று தெரிந்தால், குழல் 1806-க்கு முன் போக வழி இருக்கிறதா இல்லையா என்பதை உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.